மயில் மணவறைக் களவு வழக்கு

என்னைக் களவு வழக்கில் விசாரித்த முதல் நாள் மண்டபத்தில் இருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு.

நடுவில், உருளும் கால் வைத்த தோல் நாற்காலியில், தமிழர் நீதி நெறி மன்றத்தின் தலைவர் திரு. அருள்நாயகம். அவருக்கு வலது பக்கம் பொருளாளர் திருமதி சந்திரவதனா, மடியில் காசுப் பெட்டியோடு. இடது பக்கம் செயலாளர் வாகீசன், தமிழ் அடிக்கக்கூடிய கொம்பியூட்டரோடு. தலைவருக்கும் பொருளாளருக்கும் இடையில் இன்னொரு கதிரை சற்று முன்தள்ளிப் போடப்பட்டிருந்தது. அதில் மன்றத்தின் போஷகர், அதாவது புரவலர், திரு. இரத்தினவேல் இருந்தார். என் மேல் முறைப்பாடு கொடுத்தவரும் திரு. இரத்தினவேல்தான். அவரை எங்கே இருத்துவது என்று முதலில் ஓர் ஆலோசனை நடந்தது. முறைப்பாடு கொடுத்தவருக்கு உரிய இடம் சுவரோரம். ஆனால் போஷகரைச் சுவரோரம் இருத்துவது மரியாதையில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்து, விசாரிப்பவர்களோடு இருத்தினார்கள்.

நான் போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருந்தேன். யாராவது கொப்பி எடுக்க வந்தால் எழும்பி நிற்க வேண்டும். எனக்காக வந்த அன்புராசாவுக்குக் கதிரை கிடைக்கவில்லை. அவன் கதவில் சாய்ந்து நின்றான். அவனும் நானும் ரொறன்ரோவில், ரெக்ஸ்டேல் பக்கம், மவ்பின் கேக் செய்யும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். மன்றம் மில்லிக்கனில் ஒரு பிளாசாவில், மீன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நீதி நடக்கும்போது ஜன்னலைத் திறக்க முடியாது.

வாகீசன் என்னைக் காட்டி, "எதிரி, நீக்கிலாப்பிள்ளை. சமுகம் தந்துள்ளார்" என்று வாசித்தார். சட்டத் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவனை எதிரி என்றுதான் சொல்வார்களாம். எதிரிக் கட்டணம் ஐம்பது டொலர் என்று திருமதி சந்திரவதனா சொன்னார்.

"அன்ரி, முறைப்பாடு குடுத்தவருக்கும் கட்டணம் இருக்கோ?" என்று அன்புராசா கேட்டான்.

"போஷகருக்கு இல்லை."

நான் கட்டினேன்.

நடந்தது இதுதான். திரு. இரத்தினவேல் கலியாண வீடுகளுக்கு மணவறை வாடகைக்கு விடுபவர். இரண்டு வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து ஒரு மயில் மணவறையை இறக்கினார். ஃபைபரில் செய்த இரண்டு பெரிய மயில்கள், நான்கு தூண்கள், மேலே ஒரு குடை, நடுவில் மணமக்கள் இருப்பதற்குச் சிவப்பு மெத்தை போட்ட ஆசனம். சாமான் துறைமுகத்தில் வந்து நின்றது. அதை எடுக்க அவரிடம் காசு இல்லை. என்னிடம் இருந்தது. கொழும்பில் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் இருக்கும் என் மனைவி எமில்டாவையும் மகள் ஸ்டெபனியையும் கூப்பிடுவதற்காகச் சேர்த்த இரண்டாயிரத்து ஐந்நூறு டொலர். அரசாங்கத்துக்குக் கட்டும் லாண்டிங் ஃபீஸும் விமான ரிக்கற்றும் அதற்குள் அடங்கும்.

"ரெண்டு மாசத்தில தந்திடுவன், நீக்கிலாப்பிள்ளை. எமில்டா வரேக்க ஏர்போர்ட்டுக்கு என்ர வான்தான் வரும்" என்றார். நான் ஒரு துண்டு எழுதித் தரும்படி கேட்க வாயெடுத்தேன். அவர் முகம் கறுத்தது. "எழுத்தோ? வெள்ளைக்காரன்தான் எழுத்துக் கேப்பான். நாங்கள் தமிழர் எல்லே" என்றார். வாடகை வீட்டுக்காரனிடம் ரசீது வாங்குகிறவன், வங்கித் தாள்களைத் திகதிப்படி அடுக்கி வைக்கிறவன், அந்த ஒரு நாள் மட்டும் வெட்கப்பட்டுக் காசை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் ஆட்களிடம் எழுத்துக் கேட்பது அவர்களைக் கள்வர் என்று சொல்வதற்குச் சமம். அதனால் எங்கள் ஆட்கள் யாரிடமும் எழுத்து இல்லை.

பிறகு சனிக்கிழமைகளில் காசு கேட்கப் போனேன். போகும்போதெல்லாம் அவர் கராஜில் மணவறை ஏற்றிக்கொண்டிருப்பார். "வந்தது வந்தீர், உந்த மயிலை ஒருக்காப் பிடியும்" என்பார். பிடிப்பேன். மண்டபத்தில் இறக்க ஆள் இல்லை என்பார். போவேன். துண்டு துண்டாகப் பொருத்திப் பூட்டி நிமிர்த்தி, கலியாணம் முடியக் கழற்றி ஏற்றி, கராஜில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காசைக் கேட்டால், "இப்ப சீசன், வின்ரர் வரட்டும்" என்பார். வின்ரரில் கேட்டால், "இப்ப கலியாணமே இல்லை, சமர் வரட்டும்" என்பார். இப்படிக் காசு கேட்கப் போய் நான் மணவறை கட்டுவதில் கெட்டிக்காரன் ஆனேன். அந்த வேலைக்குக் கூலி கேட்கவில்லை. கூலி கேட்டால் கடனைத் தர மாட்டார் என்று பயம்.

இந்த மாசியில் எமில்டாவின் கடிதம் வந்தது. வைத்தியச் சோதனை செய்து ஒரு வருடத்துக்குள் விசாக் குத்த வேண்டும், சித்திரையோடு காலம் முடிகிறது, பிந்தினால் எல்லாம் திரும்பச் செய்ய வேண்டும், லொட்ஜில் பொலிஸ் வந்து பதிவு பார்க்கிறார்கள், ஸ்டெபனி பயத்தில் ஜன்னல் பக்கம் போவதில்லை என்று எழுதியிருந்தாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை ஒரு மத்தியானக் கலியாணம் முடிந்தது. வழக்கம்போல மணவறையைக் கழற்றித் திரு. இரத்தினவேலின் வானில் ஏற்றினேன். வானை அவருடைய கராஜுக்கு ஓட்டவில்லை. வோபர்னில் என் அப்பார்ட்மென்றுக்கு ஓட்டினேன். அன்புராசா வந்து கைகொடுத்தான். மயிலின் தோகை எலிவேற்றருக்குள் போகவில்லை, படியால் தூக்கினோம். கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பிரின்ரென்டன் வழியில் மறித்து, இந்தக் கட்டடத்தில் பறவை வளர்க்கக் கூடாது என்று சொன்னான். வானைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டபோது அதன் இருக்கையில் ஒரு கடிதம் வைத்தேன்: "அன்புள்ள அண்ணை, மணவறை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் காசு இரண்டாயிரத்து ஐந்நூறு டொலரைத் தந்த அன்றே கொண்டுவந்து பூட்டித் தருவேன். இப்படிக்கு, நீக்கிலாப்பிள்ளை." கீழே விலாசமும் ரெலிபோன் நம்பரும் எழுதினேன்.

அந்தக் கடிதத்தைத்தான் இப்போது வாகீசன் 'எதிரியின் குற்ற ஒப்புதல்' என்று கோப்பில் குத்தினார்.

தலைவர் எழுந்து, பச்சை மட்டைப் புத்தகம் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். "இது ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டு இங்கிலாந்துக் களவுச் சட்டம். நான் லண்டனில பாரிஸ்டருக்குப் படிக்கேக்க வாங்கினது. உலகத்தில இதை வெல்ல ஒரு சட்டம் இல்லை." அவர் படித்தது எல்லோருக்கும் தெரியும். சோதினை எழுதினாரா என்று கேட்டவர் ஒருவருமில்லை. இங்கே அவர் ஆட்களுக்கு இன்கம்ராக்ஸ் நிரப்பிக் கொடுக்கிறார்.

"ஐயா, நாங்கள் இருக்கிறது கனடாவில எல்லோ? உவங்களிட்டையும் ஒரு சட்டம் இருக்கும்தானே?" என்றான் அன்புராசா.

"தம்பி, கனடாக்காரன் நேற்று முளைச்சவன். நாங்கள் நூற்றைம்பது வருசம் வெள்ளைக்காரனுக்குக் கீழ இருந்து நீதி பழகின இனம். எங்களுக்கு ஒரிஜினல் வேணும்."

"மற்றது, ஐயாட்ட இருக்கிற புத்தகமும் உது ஒண்டுதானே" என்று திருமதி சந்திரவதனா விளக்கினார்.

திரு. இரத்தினவேல் தொண்டையைச் செருமினார். "நான் பொலிசுக்கு ஒரு கோல் அடிச்சால் காணும். கிரிமினல் ரெக்கோட் விழுந்தவன் மனிசியை ஸ்பொன்சர் பண்ணேலுமோ? ஏலாது. ஆனா நான் அடிக்கேல்லை. ஏன்? எனக்கு இனப்பற்று இருக்கு. எங்கட ஊத்தையை வெள்ளைக்காரன்ர கோட்டில கொண்டுபோய் அலசலாமோ? மானம் என்னாகிறது?"

எல்லோரும் மேசையில் தட்டினார்கள். வெள்ளைக்காரனுடைய நீதிமன்றத்துக்குப் போனால் மானம் போகும் என்பதும், வெள்ளைக்காரனுடைய சட்டத்தை மீன் கடைக்கு மேலே வைத்து வாசித்தால் மானம் ஏறும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தன. ஸ்பொன்சர் என்ற சொல்லைக் கேட்ட பிறகு நான் கதிரையில் இன்னும் ஒடுங்கி இருந்தேன்.

"ஐயா, அவர் எனக்குத் தரவேண்டிய காசைப் பற்றி..." என்று தொடங்கினேன்.

தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அந்தக் காசை அவர் உம்மட்டைப் பறிச்சவரோ?"

"இல்லை. கேட்டவர்."

"நீர் குடுத்தீர்?"

"ஓம். கடனாய்."

"பிறகென்ன? கடனாய்க் கை மாறின அந்த நிமிசமே அது அவற்ற காசு. தன்ர காசைத் தான் செலவழிக்கிறவன் எப்படிக் கள்வனாகிறது?"

"அப்ப என்ர காசு எங்கை, ஐயா?"

"உம்மட்டை இருக்கிறது காசில்லை. வருமெண்ட நம்பிக்கை. நம்பிக்கையை ஒருத்தரும் களவெடுக்கேலாது. அது இப்பவும் உம்மட்டைத்தானே இருக்கு?"

இல்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் வாகீசன், "இருக்கிறது என எதிரி ஒப்புக்கொண்டார்" என்று அடித்துவிட்டார்.

"கடனை விசாரிக்க எங்களிட்டைப் புத்தகம் இல்லை. களவு மட்டும்தான்" என்று தலைவர் முடித்தார். பிறகு எல்லோருக்கும் சாப்பிட ரோல்ஸும் பற்றிஸும் வந்தன. செலவு எதிரியின் கணக்கில்.

அடுத்த கிழமை இலவச வாரப் பத்திரிகை ஒன்றில் தலைவரின் படத்தோடு இடைக்காலத் தீர்ப்பு வந்தது: 'கடன் களவல்ல: மன்றம் அதிரடி.' அதன் விளைவுகளை நான் நேரே கண்டேன். சீட்டு எடுத்தவர்கள் மாதக் காசு கட்டுவதை நிறுத்தினார்கள். கேட்கப் போனவர்களுக்குப் பத்திரிகையைக் காட்டினார்கள். ஒருவர் அதை லமினேற் செய்து சட்டைப் பையில் வைத்திருந்தார். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் தன் கடன் கொப்பியில் இருந்த பெயர்களை வாசிப்பதை விட்டுவிட்டு, எண்ணெய்ப் போத்தல்களைக் கம்பி வலைக்குள் வைத்துப் பூட்டினார். நான் லாண்டிங் ஃபீஸுக்காவது கைமாற்று வாங்கலாம் என்று தொழிற்சாலையில் ஒருவரைக் கேட்டேன். நல்ல மனிதர். நத்தார் பண்டிகைக்கு எனக்கு ஜக்கற் தந்தவர்.

"அண்ணை, குறை நினைக்கக் கூடாது. நீங்கள் திருப்பித் தராட்டி அது களவில்லையாம். பேப்பரில கிடக்கு" என்றார்.

"நான் தருவன், தம்பி."

"தருவியள். ஆனா தராட்டியும் பிழையில்லை எண்டு வந்திட்டுது. அதுதான் பயமாக் கிடக்கு."

இரண்டாவது அமர்வு என் அப்பார்ட்மென்றில் நடந்தது. களவுக்கு ஐந்து அங்கங்கள் உண்டாம். நேர்மையீனமாக, கையகப்படுத்தி, சொத்தொன்றை, இன்னொருவருக்கு உரியதை, அவர் ஒருநாளும் திரும்பப் பெறாதபடி எடுக்கும் எண்ணத்தோடு. ஒவ்வோர் அங்கத்துக்கும் ஓர் அமர்வு, ஒவ்வோர் அமர்வுக்கும் எதிரிக் கட்டணம். மயில் ஒரு சொத்தா என்று பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் விருந்தாளிகள் இல்லையாம்.

என் வீட்டில் ஓர் அறைதான். மணவறையைப் பூட்டி நிமிர்த்த இடமில்லாததால் மயில்கள் கட்டிலுக்கு இருபுறமும் நின்றன. குடைக்குக் கீழே நான் படுப்பேன். தலைவர் எல்லாவற்றையும் பூட்டிக் காட்டச் சொன்னார். கட்டிலைக் குசினிக்குள் தள்ளிவிட்டுப் பூட்டினேன். அவர் சிவப்பு ஆசனத்தில் அமர்ந்து முன்னும் பின்னும் அசைந்து பார்த்தார்.

"இது ரெண்டு பேருக்குச் செய்தது. ஒருத்தர் இருந்து பாத்தால் சோதினை சரிவராது" என்று சொல்லித் திருமதி சந்திரவதனாவையும் பக்கத்தில் இருக்கச் சொன்னார். வாகீசன் படம் பிடித்தார். மயில்களுக்கு நடுவே, குடைக்குக் கீழே, இருவரும் புதுத் தம்பதிகளைப் போல இருந்தார்கள். அந்தப் படம் வழக்குக் கோப்பில் 'சான்று இரண்டு'. திருமதி சந்திரவதனாவின் கணவர் பிறகு மன்றத்துக்கு வந்து அதன் நெகற்றிவைக் கேட்டதாக அறிகிறேன்.

"சொத்துத்தான்" என்று தலைவர் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார். எழும்புவதற்கு மனமில்லாதவர் போல மெத்தையைத் தடவினார். "எதிரியின்ர வீட்டில சான்றுப் பொருள் இருக்கக் கூடாது. மன்றம் பொறுப்பெடுக்குது."

அன்றே எடுத்துப் போனார்கள். படியால் இறக்க ஆள் இல்லாதபடியால் நான்தான் இறக்கிக் கொடுத்தேன். மீன் கடைக்கு மேலே ஏற்றிப் பூட்டியும் கொடுத்தேன். தோல் நாற்காலி எனக்குப் பக்கத்தில், போட்டோக்கொப்பி மெஷினோடு வந்து சேர்ந்தது. அடுத்த அமர்விலிருந்து தலைவர் மயில் மணவறையில் இருந்து நீதி விசாரித்தார். மற்றப் பாதி ஆசனத்தில் போஷகர் இருந்தார்.

மூன்றாவது அமர்வில், மணவறை யாருக்கு உரியது என்று ஆராயும் நேரத்தில், ஓர் இளம்பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பெயர் துவாரகா. வரும் சனிக்கிழமை அவளுக்குக் கலியாணம். திரு. இரத்தினவேலிடம் மயில் மணவறைக்குப் பதிந்து வைத்தவள்.

"அங்கிள், யார் களவெடுத்தது எண்டு ஐ டோன்ற் கெயர். சற்றர்டே என்ர வெடிங். அம்மா ஃபுல் டெப்பொசிற் கட்டிட்டா. மயில் வருமா, வராதா?"

தலைவரின் முகம் மலர்ந்தது. "பிள்ளை, நல்ல நேரத்தில வந்தீர். ஐந்தாம் பிரிவுப்படி, ஒரு பொருளில ஏதும் உரித்து உள்ள ஆளும் உரிமையாளர்தான். நீரும் உரிமையாளர்!"

"குட். அப்ப தாங்கோ."

"தரேலாது. உரிமையாளர் எண்டால் சாட்சி. சாட்சியிட்டைச் சான்றுப் பொருளைக் குடுக்கிறது முறையில்லை. வாடகைக்கு எண்டால் குடுக்கலாம்."

"வாட்? ஐ ஒல்ரெடி பெய்ட்!"

"அது போஷகருக்குக் கட்டினது, பிள்ளை" என்று திருமதி சந்திரவதனா காசுப் பெட்டியைத் திறந்தார். "இது மன்றத்துக்கு. சான்றுப் பொருள் பராமரிப்பு."

துவாரகா திரு. இரத்தினவேலைப் பார்த்தாள். அவர் மயிலின் கழுத்தைப் பார்த்தார். அவளுக்குக் கலியாணத்துக்கு நாலு நாள் இருந்தது. கட்டினாள். போகும்போது என் பக்கத்தில் நின்று, "அங்கிள், இது கோட் இல்லை. யூ நோ தற், றைற்?" என்றாள். எனக்குத் தெரியும் என்று தலையாட்டினேன். தெரிந்தும் ஏன் இருக்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எமில்டாவின் கடிதத்தைக் காட்டியிருப்பேன்.

அந்தக் கலியாணத்துக்குப் பிறகு மன்றத்துக்கு ரெலிபோன் நிற்கவில்லை. பத்திரிகையில் பெயர் வந்த மணவறை என்று எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சான்றுப் பொருள் மண்டபங்களில் நின்றது. திங்களன்று திரும்பி வந்து நீதி வழங்கியது. வாடகையில் அரைவாசி மன்றத்துக்கு, அரைவாசி போஷகருக்கு. பூட்டுவதற்கும் கழற்றுவதற்கும் என்னைக் கூப்பிட்டார்கள். எதிரி ஒத்துழைக்கிறார் என்று கோப்பில் எழுதினால் எனக்கு நல்லதாம்.

சித்திரை பிறந்தது. நான் ஒரு நாள் எழுந்து நின்று கேட்டேன். "ஐயா, இப்ப மயிலுக்குக் காசு வருகுது. போஷகரின்ர பங்கிலிருந்து என்ர கடனைக் கழிச்சுத் தந்தால், நான் இண்டைக்கே மனிசிக்குக் கட்டிப்போடுவன். பிறகு எனக்கு என்ன தண்டனை எண்டாலும் தாங்கோ."

தலைவர் வருந்தும் குரலில் சொன்னார்: "நீக்கிலாப்பிள்ளை, உம்மில எனக்கு இரக்கம் இல்லையெண்டு நினைக்காதையும். களவுபோன பொருளால வந்த காசைக் களவெடுத்தவனிட்டைக் குடுத்தால் நாங்களும் கள்வர் ஆவம். இருபத்திரண்டாம் பிரிவு. உமக்காக இந்த மன்றம் மறியல் வீட்டில போய்க் கிடக்கேலுமோ?"

"அப்ப நீங்கள் எடுக்கிற பங்கு?" என்று அன்புராசா கதவடியிலிருந்து கேட்டான்.

"நாங்கள் நேர்மையாத்தானே எடுக்கிறம்" என்றார் தலைவர். "முதலாம் அங்கத்திலயே வழக்கு விழுந்திடும்." அன்புராசாவை மிச்ச அமர்வுகள் முடியும்வரை வெளியே நிற்கும்படி கட்டளையிட்டார். அவன் கீழே மீன் கடையில் நின்றான்.

கடைசி அமர்வுக்கு ஆட்கள் நிரம்பியிருந்தார்கள். தலைவர் நீண்ட உரை ஆற்றினார். "இந்த வழக்கால எங்கட சமூகம் என்ன பெற்றது? முன்னம் எங்களிட்டை ஒரு மண்டப வாடகை கட்டக் காசில்லை. இப்ப இருக்கு. முன்னம் என்னை ஆர் தெரியும்? இப்ப மொன்றியலில இருந்தும் கோல் வருகுது. நீதி எண்டது சும்மா வாறதில்லை. அதுக்கு ஒரு எதிரி வேணும். அந்த வகையில நீக்கிலாப்பிள்ளைக்கு நாங்கள் நன்றி சொல்ல வேணும்." கைதட்டினார்கள்.

பிறகு தீர்ப்பு. இரண்டாம் பிரிவின்படி, தனக்கு உரிமை இருக்கிறது என்று உண்மையாக நம்பி எடுப்பவன் கள்வன் ஆகான். அந்த நம்பிக்கை எவ்வளவு மடைத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை. "ஆகவே நீர் கள்வன் இல்லை. நீர் ஒண்டும் தெரியாத ஆள். இங்கிலாந்துச் சட்டம் உம்மட அறியாமைக்கு மரியாதை குடுக்குது. இதில ஒரு கையெழுத்து வையும்."

வாகீசன் தாளை நீட்டினார். 'மேற்படி மணவறையில் எனக்கு எவ்வித உரிமையும் இல்லை. திரு. இரத்தினவேல் அவர்களிடமிருந்து எனக்குக் காசு வரவேண்டியிருப்பதாக நான் நம்பியது தவறு. ஆனால் அத்தவறை நான் உண்மையாகவே நம்பினேன்.'

இரண்டு முறை வாசித்தேன். "வரவேண்டியது உண்மைதானே, ஐயா. அவரைக் கேளுங்கோ. அவர் இல்லையெண்டு ஒருநாளும் சொல்லேல்லை."

"உண்மையெண்டால் அது கடன். கடன் எங்கட புத்தகத்தில இல்லை. பிழையான நம்பிக்கை எண்டாத்தான் நீர் ரெண்டாம் பிரிவுக்குள்ள வருவீர். வந்தாத்தான் நிரபராதி."

"நான் வைக்க மாட்டன்."

"வைக்காட்டி நீர் கள்வன். பிறகு விசயம் எங்கட கையில இல்லை."

"அப்ப பொலிசைக் கூப்பிடுங்கோ!" அந்த மண்டபத்தில் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான். என் கதிரை மடங்கி விழுந்தது. "இப்பவே கூப்பிடுங்கோ. வரட்டும். வந்து இந்த மயிலையும் காசுப் பெட்டியையும் என்னையும் பாக்கட்டும்!"

வாகீசன் ரெலிபோனைப் பார்த்தார். திருமதி சந்திரவதனா பெட்டியை மூடினார். கீழே மீன் வெட்டும் சத்தம் கேட்டது.

தலைவர் குடைக்குக் கீழே இருந்து மெல்லச் சொன்னார். "கூப்பிடலாம், நீக்கிலாப்பிள்ளை. அஞ்சு நிமிச வேலை. ஆனா எமில்டாவை ஒருக்கால் நினையும்."

அவளுடைய பெயரை அந்த மண்டபத்தில் நான் ஒருநாளும் சொன்னதில்லை. பக்கத்தில் இருந்த இரத்தினவேல் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

நான் கையெழுத்து வைத்தேன். கைதட்டினார்கள். 'கள்வன் அல்லன்' என்று தங்க நிறத்தில் அச்சடித்த சான்றிதழைத் தலைவர் தந்தார். சான்றிதழ்க் கட்டணம் இருபத்தைந்து டொலர். பத்திரிகைக்காகக் கை குலுக்கிய நிலையில் படம் எடுத்தார்கள்.

வழக்கு முடிந்தால் சான்றுப் பொருளை உரியவரிடம் கொடுக்க வேண்டும். அதனால் மன்றம் தன்னுடைய தீர்ப்புக்கு எதிராகத் தானே மேன்முறையீடு செய்திருப்பதாகத் தலைவர் அறிவித்தார். அது ஆவணிக் கலியாணங்கள் முடிந்த பிறகு எடுக்கப்படும்.

படியில் இரத்தினவேலை மறித்தேன். "அண்ணை, வழக்கு முடிஞ்சுது. நான் கள்வன் இல்லை. இனியெண்டாலும் காசைத் தாங்கோ. இன்னும் பத்து நாள்தான் இருக்கு. அவளவைக்கு மெடிக்கல் முடியப் போகுது."

அவர் என்னை மெய்யாகவே ஆச்சரியத்தோடு பார்த்தார். "என்ன காசு, நீக்கிலாப்பிள்ளை? இப்பதானே எல்லாருக்கும் முன்னால எழுத்தில தந்தீர், ஒண்டும் வரவேண்டியது இல்லையெண்டு? நான் உம்மட்டை எழுத்துக் கேட்டனானே? நீரா எல்லோ வைச்சீர்." பிறகு தோளில் தட்டினார். "சனிக்கிழமை பத்து மணிக்கு வாரும். பெரிய கலியாணம். மயில் பூட்ட வேணும்."

நான் போகவில்லை. அன்புராசாவும் நானும் அந்தப் பத்து நாளும் ஆட்களிடம் கேட்டுத் திரிந்தோம். ஒருவர் பத்திரிகையைக் காட்டினார். ஒருவர் என்னுடைய படத்தைக் காட்டி, நல்லாய் வந்திருக்கிறது என்றார். அன்புராசா தன் சம்பளத்தைத் தந்தான். அது லாண்டிங் ஃபீஸில் பாதிக்கும் காணவில்லை. எங்கள் மாதா கோயில் சுவாமியிடம் போனேன். அவர் தன்னிடம் உள்ளதைத் தந்து, மிச்சத்துக்கு மன்றத்தைக் கேட்டுப் பார்க்கும்படி சொன்னார், அங்கே இப்போது வசதி இருக்கிறதாம்.

நாள் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் எமில்டாவின் அடுத்த கடிதம் வந்தது. அவள் எப்போதும் சுகம் விசாரித்துத்தான் தொடங்குவாள். இந்த முறை சுகம் விசாரிக்கவில்லை. 'காசு கட்டியாயிற்றா? ஆரோ ஒரு மனிசனுக்குக் குடுத்தது எண்டீங்கள், அந்த மனிசன் எங்கட காசைக் களவெடுத்துப் போட்டானா? உண்மையை எழுதுங்கோ' என்று கேட்டிருந்தாள்.

வேலைக்குப் போக முன்னம் மேசையில் இருந்து பதில் எழுதினேன். முதலில் திகதி போட்டேன். மெடிக்கலின் காலம் முடிந்துவிட்டது, நீயும் ஸ்டெபனியும் திரும்பச் செய்ய வேண்டும், அதற்கு வேண்டிய காசை இந்த மாதச் சம்பளத்தில் அனுப்புகிறேன், லாண்டிங் ஃபீஸுக்கு இரவு வேலை ஒன்றும் எடுக்கிறேன், லொட்ஜ் பதிவைப் புதுப்பித்து வை என்று எழுதினேன். பிறகு அவள் கேட்டதற்குப் பதில் எழுதினேன்.

'உண்மையை எழுதுகிறேன். அவர் களவெடுக்கவில்லை. அதை இங்கே படித்த ஆட்கள் சட்டப்படி ஆராய்ந்து தீர்த்துவிட்டார்கள். நானும் களவெடுக்கவில்லை. எனக்கு அதற்குச் சான்றிதழ் தந்திருக்கிறார்கள். ஆராய்ந்தவர்களும் களவெடுக்கவில்லை. ரொறன்ரோவில் ஒருவரும் ஒன்றையும் களவெடுக்கவில்லை, எமில்டா. எங்கள் காசு மட்டும் இல்லை.'

கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் வைத்தேன். உறையின் பசை பிடிக்கவில்லை. செலோரேப் வைத்து மேலும் கீழும் ஒட்டினேன். கொட்டாஞ்சேனை விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, முத்திரை ஒட்டி, மார்க்கம் றோட் பஸ் தரிப்புக்குப் பக்கத்திலுள்ள சிவப்புப் பெட்டிக்குள் போட்டு, விழுந்த சத்தம் கேட்ட பிறகு கையை எடுத்தேன்.